நரி வைரவருக்கு ஒரு வடைமாலை

புஸ்பவதி அக்காவோடு வாதாடி நான் ஒருநாளும் வென்றதில்லை. முதல் தோல்வி நரி விஷயத்தில்.

1986ஆம் ஆண்டு மாசி மாதம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு சின்ன நகரத்தில் எங்களை வைத்திருந்தார்கள். பழைய நெசவாலையின் தொழிலாளர் விடுதி அது. அகதிகளைப் போட்ட பிறகு அதற்கு ஹைம் என்று பெயர். அசூல், அதாவது அரசியல் தஞ்சம், கேட்டவன் வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, சமைத்தால் மணக்கக்கூடாது. கிழமைக்கு இரண்டு தரம் கொடுக்கிற சாப்பாட்டுப் பொதியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம். சும்மா இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஆகவே நடப்போம். பனியோ மழையோ, நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம்.

அன்றைக்குப் பூங்காவின் பின்பக்கமாகப் போனோம். இலையில்லாத மரங்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு வாசல் நின்றது. இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குமரம். கதவு கிடையாது, பக்கத்தில் மதிலும் கிடையாது. அதற்கு அப்பால் நாலைந்து படி. படிக்கு மேலே செப்புக் கூரை போட்ட சிறிய மரக்கோயில், மணி, மணியிலிருந்து தொங்கும் தடித்த கயிறு. படியின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு விலங்குகள் குந்தியிருந்தன. கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அக்கா பனிக்குள் நின்று சப்பாத்தைக் கழற்றினார்.

"தம்பி, வைரவர் கோயில்."

"அக்கா, இது ஜப்பான்காரற்ரை. பலகையில எழுதியிருக்கு."

"பலகையில ஆயிரம் எழுதுவாங்கள். வாகனத்தைப் பாரும். நாய்."

"அது நரி அக்கா. வாலைப் பாருங்கோ."

"குளிருக்கு மயிர் வைச்சிருக்கு. நீர் சப்பாத்தைக் கழட்டும்."

கழற்றினேன். காலுறை நனைந்து விறைத்து, அன்று முழுக்க நான் வைரவரையும் ஜப்பானையும் சேர்த்துத் திட்டினேன்.

ஆனால் அக்கா ஏன் எங்கே பார்த்தாலும் வைரவரைத் தேடினார் என்பது எனக்குத் தெரியும். ஊரில் அவருடைய வீட்டு ஒழுங்கை முடக்கில் ஒரு வைரவர் இருந்தாராம். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து விளக்கு வைத்தது அக்காதான். ஒருநாள் சுகமில்லாமல் படுத்தால் புருஷன் யோகலிங்கம் வைப்பார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சனங்களுக்குச் சீனி நிறுக்கும்போது ஒரு கை கூடப் போடுகிற மனுஷன் என்று அக்கா சொல்லுவார்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் வெளிக்கிட்டவர்கள். இரண்டு பேருக்கும் டிக்கெட். கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்தபோது, விமானம் ஏற எட்டு மணித்தியாலம் இருக்கையில் ஆமி வந்து ஆண்களை மட்டும் ஏற்றியது. ட்ரக்கில் ஏறும்போது யோகலிங்கம் திரும்பிப் பார்த்து, போ என்று கண்ணைக் காட்டினாராம். ஏஜென்சிக்காரன் அக்காவை இழுத்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டான். கிழக்கு பெர்லினில் இறங்கும் வரைக்கும் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்ததாம். அந்த ஆசனத்தைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். பிறகு நானும் கேட்கவில்லை.

யோகலிங்கத்தைத் தெற்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அவருடைய தம்பி தங்கராசா எழுதுவான். அவ்வளவுதான் தெரியும்.

அன்றைக்கே, அந்தப் பனியில், அக்கா நேர்த்தி வைத்தார். புருஷன் வெளியில் வந்தால் இருபத்தேழு வடையில் மாலை.

"நரிக்கோ, நாய்க்கோ?" என்று நான் கேட்டேன்.

"உமக்கில்லை" என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு ஜப்பான்காரி படியைக் கூட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஜெர்மன்காரரைக் கட்டியவர், பெயர் பிறவ் வாக்னர், அதாவது திருமதி வாக்னர். எங்களைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, கல்தொட்டியிலிருந்து மூங்கில் அகப்பையால் தண்ணீர் எடுத்து முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு வாய் என்று கழுவிக் காட்டினார். வாசலுக்கு நடுவால் போகக்கூடாதாம். நடு, சாமி நடக்கிற வழி. ஓரமாகத்தான் போக வேண்டும். மேலே போய் மணிக்கயிற்றை ஆட்டி, இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, திரும்ப ஒரு தரம் குனிய வேண்டும்.

"கடைக்காரனைக் கூப்பிடுற மாதிரிக் கைதட்டுகினம்" என்றேன் தமிழில்.

"சண்டேசுவரருக்கு நாங்கள் தட்டுறேல்லையோ? வாயை மூடிக்கொண்டு தட்டும்."

அரைகுறை ஜெர்மன் எனக்குத்தான் தெரியும், ஆகவே மொழிபெயர்ப்பாளன் நான். பிறவ் வாக்னர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இது இனாரிச் சாமி, நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரியவர். நரிகள் அவருடைய தூதர்கள். நரிக்கு எண்ணெயில் பொரித்த சோயாக் கட்டியைப் படைப்பார்கள். இந்தக் கோயில் முதலில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் இருந்தது. 1906இல் அரசாங்கம் சின்னக் கோயில்களையெல்லாம் பெரிய கோயில்களோடு சேர்க்கச் சொல்லிக் கட்டளை போட்டது. கிராமத்தார் அழுதுகொண்டு தங்கள் சாமியை மந்திரம் சொல்லிப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள். வெறும் வீட்டை விறகுக்கு விற்கப் பார்த்தார்கள். அங்கே தேயிலை வியாபாரம் செய்த இந்த நகரத்து மனிதர் ஒருவர் அதை வாங்கி, பலகை பலகையாக இலக்கம் போட்டுக் கழற்றி, கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்.

நான் சொல்லி முடித்ததும் அக்காவின் முகம் மாறியது.

"அப்ப உள்ளுக்குச் சாமி இல்லையோ? கேளும்."

கேட்டேன். பிறவ் வாக்னர் யோசித்துவிட்டு, தனக்கும் தெரியாது என்றார். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் கூட்டுகிறாராம். அப்பா செத்தபோது மட்டும் ஐம்பது நாள் வரவில்லையாம். செத்த வீட்டுக்காரர் இந்த வாசலுக்குக் கீழால் போகக்கூடாது. அவர் வராத ஐம்பது நாளும் இலை குவிந்துபோய்க் கிடந்தது என்று கவலையோடு சொன்னார்.

இதை மொழிபெயர்த்தபோது அக்காவுக்குக் கண் விரிந்தது.

"துடக்கு" என்றார், செத்தவீட்டுத் தீட்டை. "எங்களுக்கு முப்பத்தொண்டு, இவைக்கு ஐம்பது. துடக்குப் பாக்கினம் எண்டால் இது கோயில்தான் தம்பி. சாமி இல்லாத இடத்தில ஆர் துடக்குப் பாப்பினம்?"

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. ஒன்றரை வருடம் ஞாயிறு தவறாமல் போனோம். இரண்டு பெண்களும் கூட்டுவார்கள். ஒருத்திக்கு மற்றவள் பேசுவது விளங்காது. ஆனாலும் நான் இல்லாமலே நன்றாகப் பேசினார்கள். ஒரு தடவை அக்கா நரிகளின் சிவப்புத் துணி வெளிறிவிட்டது என்று தன் பழைய சேலையில் இரண்டு துண்டு கிழித்து மடித்துத் தைத்துக் கட்டினார். பிறவ் வாக்னர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவைக் குனிந்து கும்பிட்டார். அக்காவும் குனிந்தார். இதற்கு முடிவே வராது போலிருந்ததால் நான் போய்ப் பூங்கா வாங்கிலில் உட்கார்ந்துகொண்டேன்.

1987 ஆடி கடைசியில் ஊரில் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. முகாம்களிலிருந்து ஆட்களை விடுகிறார்கள் என்று லண்டன் வானொலி சொன்னது. ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அக்காவின் சிநேகிதி ஊர்ப் பேப்பரில் வெட்டிய துண்டு ஒன்றை அனுப்பியிருந்தாள். விடுதலையாகப் போகிறவர்களின் பட்டியல். நாற்பத்திரண்டாவது பெயர் அ. யோகலிங்கம்.

அந்தத் துண்டை அவர் ஹைமில் இருந்த எல்லோருக்கும் காட்டினார். தமிழே தெரியாத ஈரானியர்களுக்கும் கானாக்காரர்களுக்கும் விரல் வைத்துக் காட்டினார். அவர்களும் தலையாட்டிச் சிரித்தார்கள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு உடுப்புத் தோய்த்ததைக் கேட்டேன். ஸ்டுட்கார்ட்டுக்கு அனுமதிக் கடதாசியோடு போன ஒருவரிடம் சொல்லி உழுந்து எடுப்பித்தார்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்குத்தான், குணசேகரம் என்று பெயர் போட்டு. அனுப்பியவன் தங்கராசா.

ஊரில் நான் நாலு வருடம் தபாற்கந்தோரில் கிளாக்காக இருந்தவன். சாவுத் தந்தி வந்தால் அதை எழுதி, மடித்து, பியோனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் முத்திரை எண்ணுவேன். பியோனின் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், அழுகைச் சத்தம் எழும்பும். அந்தச் சத்தம் கேட்காத தூரத்தில் இருப்பதுதான் என் உத்தியோகம். ஒரு கடிதத்தைத் தொட்டவுடனேயே அது என்ன கடிதம் என்று சொல்கிற கை எனக்கு உண்டு. அதைத் தோய்க்கிற அறைக்குக் கொண்டுபோய், மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில் நின்று பிரித்தேன்.

விடுதலையானவர்கள் வந்த பஸ்ஸில் அண்ணை இல்லை என்று எழுதியிருந்தான். பஸ் வெளிக்கிடுவதற்கு முதல்நாள், ஆவணி பதின்மூன்றாம் திகதி, முகாமிலேயே செத்துவிட்டார். காய்ச்சல் என்று ஒரு கடதாசி கொடுத்திருக்கிறார்கள். அங்கேயே தாட்டுப்போட்டார்கள். கூட இருந்தவர்கள் அவர் உடுத்த சறத்தையும் கண்ணாடியையும் கொண்டுவந்து தந்தார்கள். முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்கிறோம். அண்ணி தனிய இருக்கிறா, நீங்கள் பக்கத்தில் நின்று பக்குவமாகச் சொல்லுங்கோ.

பக்குவமாக. அந்தச் சொல்லை எழுதியவன் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வியாழன் சொல்லவில்லை. அக்காவுக்குத் தலையிடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சொல்லப் போனேன். அவர் யோகலிங்கத்துக்கு எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினார். இங்கே குளிர், கம்பளிப் பனியன் இரண்டு கொண்டுவாங்கோ என்று எழுதியிருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமை அவர் உழுந்தை ஊறப்போட்டார். எனக்கு வீட்டில் எதிர்த்துப் பேசுகிற வாய் உண்டு, ஹைம் நிர்வாகியோடு சண்டை பிடிக்கிற வாய் உண்டு. தேவையான நேரத்தில் அந்த வாய் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சரியான கோழை நான். இதை வேறு விதமாகச் சொல்லி அழகாக்க விரும்பவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அக்கா குளித்துவிட்டு வந்து அடுப்பை மூட்டினார். உழுந்தைக் கோப்பிக் கொட்டை அரைக்கிற மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்தது நான்தான். எண்ணெய் கொதித்தது. முதல் வடை ஓட்டையில்லாமல் வந்தது.

"அக்கா, இதை எந்த நூலில கோக்கிறது? நரியின்ரை தலையிலதான் குத்தி வைக்கவேணும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

வழி முழுக்க எனக்குள் நானே வழக்காடினேன். கேள்விப்படாத சாவுக்குத் துடக்கு உண்டா? அவருக்குத் தெரியாது, ஆகவே குற்றமில்லை. சாமியும் நம்முடைய சாமி இல்லை. மாலையைப் போடட்டும். இன்னும் ஒரு மணி நேரம் புருஷன் உயிரோடு இருக்கட்டும். ஹைமுக்குத் திரும்பின பிறகு சொல்லலாம். இப்படி ஒரு பக்கம். மறுபக்கம், நாளைக்கோ மறுநாளோ அவர் விரல் மடித்துத் திகதி எண்ணுவார். புருஷன் செத்துப் பதினெட்டாம் நாள், அவர் வெளியே வந்துவிட்டார் என்று சாமிக்கு நன்றி சொல்லி, துடக்கோடு படியேறி மாலை போட்டேன் என்று தெரியவரும். பக்கத்து ஆசனத்தோடு இதையும் சேர்த்துச் சாகும் வரைக்கும் சுமப்பார்.

வாசலுக்கு முன்னால் வந்துவிட்டோம். பிறவ் வாக்னர் மேலே படியில் நின்று கையசைத்தார். அக்கா கல்தொட்டியில் கை கழுவினார், இடது, வலது, வாய். வடைமாலையை வாழையிலைக்குப் பதிலாக வெள்ளைக் கடதாசியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். ஓரமாகப் போய் வலது காலைத் தூக்கினார்.

"அக்கா, உள்ளுக்குப் போகாதேங்கோ."

அவர் சிரித்தபடி திரும்பினார். "ஏன், சப்பாத்தோ? இஞ்ச கழட்டத் தேவையில்லை எண்டு நீர்தானே சொன்னனீர்."

"அதில்லை. நீங்கள் போகக்கூடாது அக்கா."

தூக்கிய கால் கீழே வந்தது. வாசலுக்கு இந்தப் பக்கம். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். அதற்குள் என் கை ஏற்கெனவே போயிருந்தது எனக்கே தெரியவில்லை.

"நானோ?" என்றார். "நீர் போகலாமோ?"

"நான் போகலாம்."

மரத்தில் ஏதோ குருவி கத்தியது. அவர் வாசலை விட்டுப் பின்னால் வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று அடி. தன் நிழலும் தூணில் படாத தூரத்துக்கு வந்து நின்றார்.

"எத்தினை நாள் மிச்சம்?"

"பதின்மூண்டு."

"அப்ப பதினெட்டு நாள் போட்டுது" என்றார். கூட்டிக் கழித்ததில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது போல் உதடு அசைந்தது. "கடிதத்தைத் தாரும்."

கொடுத்தேன். அவருடைய கையில் வடைமாலை இருந்ததால் அதை நான் வாங்கவேண்டியிருந்தது. இன்னும் சூடாக இருந்தது.

அவர் நின்றபடி வாசித்தார். ஒரு தரம். பிறகு சறமும் கண்ணாடியும் வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தரம். ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்து பிறவ் வாக்னர் இறங்கி ஓடிவந்தார். நான் ஜெர்மனில் ஒரே ஒரு வசனம் சொன்னேன். அவர் அக்காவுக்குப் பக்கத்தில், வாசலுக்கு வெளியே, தோளோடு தோள் படும்படி வந்து நின்றார். அவர் உள்ளே நின்றிருக்கலாம். அவருக்குத் துடக்கு இல்லை.

அப்போதுதான் அக்கா அழுதார். ஒப்பாரி இல்லை. ஊரென்றால் ஒழுங்கை முழுக்கச் சனம் வந்திருக்கும், கட்டிப்பிடித்து அழ ஆள் இருக்கும். இங்கே பூங்காவில் நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். அதனால் அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார்.

நான் மாலையை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எட்டுச் செலவு செய்தவையோ எண்டு எழுதேல்லை" என்றார். செத்தவருக்கு எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததெல்லாம் சுட்டுச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். "வடை எண்டால் அவருக்கு உயிர். ஆர் சுட்டுப் படைச்சிருப்பினம்? தங்கராசாவின்ரை பெண்சாதிக்குப் பதம் தெரியாது."

மாலையை என்னிடமிருந்து வாங்கி, புல்லில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு வடையாக நூலிலிருந்து உருவி வெள்ளைக் கடதாசியில் வைத்தார். வாசலுக்கு முதுகு காட்டி, தெற்குப் பக்கம் பார்த்து. பிறவ் வாக்னர் தொட்டித் தண்ணீரை மூங்கில் அகப்பையில் கொண்டுவந்து கடதாசிக்குப் பக்கத்தில் வைத்தார். எதற்காக என்று அவருக்கு யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா கும்பிட்டார். எழும்பவில்லை. இருபத்தேழாவது வடை கையில் மிச்சம் இருந்தது. ஓட்டையில்லாத அந்த முதல் வடை. அதை எப்படியோ ஊசியால் குத்திக் கோத்திருந்தார். அதை என்னிடம் நீட்டினார்.

"தின்னும்."

வாங்கினேன்.

"செத்தவீட்டில படைக்கிறதுக்குத் தவிர எண்ணெய்ச் சட்டி வைக்கிறேல்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "நான் காலமை வைச்சன். நீர் பக்கத்தில நிண்டு சிரிச்சனீர் தம்பி."

பதின்மூன்று நாளும் அவர் ஹைமை விட்டு வெளியே வரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை தனியே போய், அவருடைய விளக்குமாற்றை எடுத்து அவருடைய பங்குக்குக் கூட்டினேன். முப்பத்தோராம் நாள் கழிந்து வந்த முதல் ஞாயிறு அவர் வந்தார். கை கழுவி, ஓரமாக நடந்து, வாசலுக்குக் கீழால் போனார். அவர் என்ன கேட்டுக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்க இனி என்ன இருந்தது என்றும் தெரியாது. வரும் வழியில் என்னோடு பேசினார். பிறகும் எப்போதும் போலத்தான் பேசினார். ஆனால் அவருக்கு வருகிற கடிதம் எதையும் என் கையால் அவரிடம் கொடுக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. மேசையில் வையும், நான் எடுக்கிறன் என்பார்.